பச்சைத் துணி

பனியன் கம்பெனிகள் மூடியதும் வாடகை கொடுக்க முடியாத மயிலாத்தாளும் மற்றவர்களும் சாலையோரம் தார்ப்பாய்க் கூடாரம் போட்டுக் குடியிருந்தார்கள். முதலீடு செய்ய வெளிநாட்டுக்காரர்கள் அந்த வழியாக வருகிறார்கள் என்று, அதிகாரிகள் பச்சைத் துணி கட்டிக் கூடாரங்களை மறைத்தார்கள். உள்ளே காற்று நின்றுபோனது. காய்ச்சலில் கிடந்த மயிலாத்தாளின் மகள் மூச்சுக்குத் திணறினாள்.

“ஒரு நாள்தானுங்க அக்கா, பொறுத்துக்குங்க,” என்றான் துணி கட்டியவன்.

“எங்களைப் பாத்தா அவுங்க கண்ணு அவிஞ்சு போயிருமா?”

சைரன் கேட்டது. மயிலாத்தாள் கத்தரியால் துணியை மேலிருந்து கீழ்வரை வெட்டினாள். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து நடுச்சாலையில் நின்றாள். போலீஸ்காரர் கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

“பாருங்க! நல்லாப் பாருங்க!” என்று வரும் கார்களை நோக்கிக் கூவினாள் மயிலாத்தாள்.

முதல் கார் அவள் முழங்காலை ஒட்டி நின்றது. கறுப்புக் கண்ணாடி இறங்கவில்லை. அவளும் நகரவில்லை.