மறுபக்கத்து அளவு

முதலில் பின்னியது கொழுக்கட்டைபோல் கூம்பிக்கொண்டு வந்தது.

பிரித்தாள்.

அடுத்ததில் கண்ணிகளைத் தாராளமாகக் கூட்டினாள். ஓரமெல்லாம் பாவாடைக் கொசுவம் மாதிரி நெளிந்தது.

அதையும் பிரித்தாள்.

குரோஷா பின்னல் அவளுக்குப் புதிதல்ல. டீப்பாய் விரிப்பு, டிவி உறை, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தொப்பி என்று எத்தனையோ போட்டிருக்கிறாள். எல்லாம் யாரோ சொல்லிவைத்த கணக்கு. இங்கே கூட்டு, அங்கே குறை. யூடியூபில் யானைகூடப் பின்னிக் காட்டுகிறார்கள். எடுத்துவிட்ட இடது மார்புக்குப் பதிலாக ஒன்று பின்ன, அவள் தேடியவரையில் யாரும் சொல்லித்தரவில்லை.

ஆஸ்பத்திரியில் தந்த சிலிக்கான் மார்பு மதுரை வெயிலுக்கு உடம்போடு சேர்ந்து வெந்தது.

வேலைக்குத் திரும்ப வேண்டும். மாசி வீதி ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவு. வருகிறவர்கள் முன்னால் சேலையைத் தன் தோளில் போட்டுக் காட்டுவதுதான் வேலை. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் நிற்காவிட்டால் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்கள். அவளைப்போல் அந்தக் கடையில் சேலை விற்க ஆளில்லை. அந்த இடத்தை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

நூல்கடைக்காரர் தோல் நிறம் என்று எடுத்துப் போட்டது யாருடைய தோலோ. அவள் டீ நிறத்தில் வாங்கிக்கொண்டாள்.

உருவம் ஒருவழியாகப் படிந்தது. பாதிக்கு மேல் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுதான் கூட்ட வேண்டும். பிரித்துப் பிரித்துத் தானே கண்டுபிடித்தாள்.

அடுத்து கனம்.

பஞ்சு அடைத்தாள். நடக்க நடக்கக் கழுத்தெலும்பு வரை ஏறிவிட்டது.

கேழ்வரகு நிரப்பினாள். கனம் சரியாக இருந்தது. துவைத்துக் காயப்போட்ட இடத்தில் வெயில் வரவில்லை. முளைவிட்டது.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை கேட்டிருக்கிறாள். பயிரான கதை இதுதான். கணவன் குருநாதன், சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் சிரித்த பிறகு சிரித்தான்.

கடைசியில் பஞ்சுக்கு நடுவே கண்ணாடிப் பாசிமணி. ஒரு கையில் அது, மறு கையில் வலது மார்பு. கண்ணை மூடி நிறுத்துப் பார்த்தாள். பாசி சேர்த்தாள். எடுத்தாள். மறுபடி கொஞ்சம் சேர்த்தாள்.

வேலைக்குத் திரும்பிய புதிதில், நிச்சயதார்த்தச் சேலை எடுக்க வந்த பெண்ணொருத்தி சேலையை விட்டுவிட்டு அவளையே பார்த்தாள். அவள் இடது பக்க முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அக்கா, ஒங்களுக்கு அம்சமா நிக்குது. எனக்கும் இப்படி நிக்குமா?"

அன்று முழுக்க அவள் கால் தரையில் பாவவில்லை.

மழைக்காலத்துப் பரிசோதனையில், வலது பக்கமும் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. எதைப் பார்த்துப் பார்த்து அவ்வளவு பாடுபட்டாளோ, அதுவே போகப்போகிறது.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய நாள், மிச்சமிருந்த டீ நிற நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இருப்பதைப் பார்த்து அதேபோல் இன்னொன்று போட்டால் முடிந்தது. கணக்குதான் கைவசம் இருக்கிறதே. குருநாதனும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

அவள் பழையதன் வாயைத் திறந்து பாசியைக் கிண்ணத்தில் கொட்டினாள். பஞ்சை எடுத்தாள். நூலின் நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தாள்.

கடைசிக் கண்ணி வரை பிரித்தாள்.

புதிதாக ஒரு வளையத்தில் தொடங்கினாள். சுற்று மேல் சுற்றாக வந்தது. எப்போதும் கூட்டுகிற இடத்தில் கூட்டவில்லை.

இனி அது எதற்கும் ஒத்துப்போக வேண்டியதில்லை.

முடிந்ததைக் குருநாதன் வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"சின்னதா இல்ல?"

"ஆமா" என்றாள்.

நூலை அறுத்துவிட்டு, இரண்டாவதைத் தொடங்கினாள்.