இரவல் குரல்

"அடுத்த கிழமையும் உந்த ஆளை உள்ளுக்கு விட்டீங்களெண்டால், நாங்கள் ஒருத்தரும் இந்தப் பக்கம் வரமாட்டம். சொல்லிப்போட்டம்!"

இடைவேளைக்கு வெளியே வந்த நாலைந்து பேர் ஐயாத்துரையைப் பிடித்து ஏசிவிட்டுப் போனார்கள்.

கிளிநொச்சியில் அந்தத் தியேட்டரை நடத்திக்கொண்டிருந்த ஐயாத்துரைக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வெள்ளம். எண்பத்தாறாம் ஆண்டு, சண்டைக் காலம். பாதை இன்றைக்குத் திறந்தால் நாளைக்குப் பூட்டு. படப்பெட்டி வந்து சேர்ந்தால் ஜெனரேற்றருக்கு டீசல் வராது. இதற்குள் வீரகத்தியின் தொல்லை வேறு.

வீரகத்தியைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் குறைவு. கோயில் திருவிழாக்களில் அவனும் சங்கிலியும் போடும் சிரிப்பு நாடகத்துக்குச் சனம் பாயோடு வந்து இடம் பிடிக்கும். வீரகத்தி யாழ்ப்பாணத்தில் இருந்து காடு வெட்டிக் காணி செய்ய வந்த குடும்பம். சங்கிலி, எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்த மலையகத்துப் பிள்ளை.

"ஒங்க அப்பா என்னோட பேசுனாருண்ணே" என்பான் சங்கிலி.

"ஏன் பேசினவர்? நீ என்ன பிழை செய்தனி?" என்று பதறுவான் வீரகத்தி.

சங்கிலிக்குப் பேசுவது என்றால் சும்மா கதைப்பது. யாழ்ப்பாணத்து வீரகத்திக்கு அது ஏச்சு. அந்த ஒரு சொல்லை வைத்தே சனத்தை வயிறு நோகச் சிரிக்க வைத்துவிடுவார்கள்.

போன வருடம் சங்கிலி சினிமாவில் நடிக்க இந்தியாவுக்குப் போய்விட்டதாகக் கதை வந்தது. வீரகத்திதான் எல்லாருக்கும் சொன்னான். அதற்குப் பிறகு அவன் மேடை ஏறவில்லை.

ஆனால் படம் மாறும் போதெல்லாம் ஒரு வயதான மனுசியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு தியேட்டருக்கு வந்துவிடுவான். திரையில் சிரிப்பு நடிகர் தலைகாட்ட வேண்டியதுதான். எந்த நடிகராக இருந்தாலும் சரி, அவருடைய குரலுக்கு மேலால் இவன் தொடங்கிவிடுவான். அதுவும் சங்கிலியின் குரலில், தன் சொந்த வசனம்!

அன்றைக்கும் அப்படித்தான். திரையில் நடிகர் சேற்றில் வழுக்கி விழுந்தார். முன்வரிசையில் இருந்து சத்தம் வந்தது.

"நான் விழுவலீங்க மொதலாளி, தரைதான் எந்திரிச்சு வந்துருச்சு! ஓம், ஓம்... இதோ வாரேங்க!"

"வாயைப் பொத்தடா!" என்று பின்னால் கத்தினார்கள். விசில் பறந்தது. பக்கத்தில் இருந்த மனுசி மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

இடைவேளையில் ஏசியவர்கள் போனதும் ஐயாத்துரை வீரகத்தியை டிக்கற் அறைக்குக் கூப்பிட்டார். மனுசியை வாசலில் கிடந்த நீள மர வாங்கில் இருத்திவிட்டு அவன் வந்தான்.

"உனக்கு வெக்கமா இல்லையோ? கூட்டாளி படத்தில நடிக்கப் போயிட்டான். உன்னை ஒருத்தரும் கூப்பிடேல்லை. அந்த எரிச்சலை என்ர தியேட்டரிலயோ காட்டுறது?"

வீரகத்தி வாசல் பக்கம் ஒருக்கால் திரும்பிப் பார்த்தான்.

"அவன்ர குரலையே களவெடுத்து அவனை நக்கலடிக்கிறாய். அவன்ர தாய் கேட்டால் என்ன நினைப்பா?"

"கேட்டுக்கொண்டுதானே அண்ணை இருக்கிறா" என்றான் வீரகத்தி. "வாங்கில இருக்கிறவாதான் சங்கிலியின்ர அம்மா."

ஐயாத்துரை எட்டிப் பார்த்தார். சங்கிலியின் தாய் அழகம்மா கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பியபடி இருந்தாள். கண் இரண்டிலும் வெள்ளை படர்ந்து பார்வை போயிருந்தது.

"அவன் இந்தியாவுக்குப் போகேல்லை அண்ணை" என்றான் வீரகத்தி. "வள்ளம் ஏறவெண்டு மன்னாருக்குப் போன பஸ்ஸை ஆமிக்காரங்கள் வழியில மறிச்சு ஆக்களை இறக்கினவங்கள். இறக்கின ஒருத்தரும் மிஞ்சேல்லை. நான்தான் போய் உடம்பை அடையாளம் காட்டினனான்."

ஐயாத்துரை கதிரையில் இருந்துவிட்டார்.

"சொல்லத்தான் அம்மாவின்ர வீட்டுக்குப் போனனான். படலையைத் திறக்கவே, 'எம் மவன் நல்லபடியா போய்ச் சேர்ந்துட்டானா?' எண்டு கேட்டா. 'ஓம் அம்மா, போய்ச் சேர்ந்திட்டான்' எண்டு வாயில வந்திட்டுது. 'அப்ப அவன் படம் வந்தா என்னையக் கூட்டிட்டுப் போப்பா' எண்டவா. அண்டைக்குத் தொடக்கம் இஞ்ச வாற படமெல்லாம் அவன்ர படம்தான்."

அவன் ஐயாத்துரையின் கையைப் பிடித்தான்.

"மெதுவாத்தான் அண்ணை சொல்லிப் பாத்தனான். உங்கட ஸ்பீக்கர் சத்தத்தில அவவுக்குக் கேக்குதில்லை. நீங்கள் வாசலில மறிச்சால், நான் அவவுக்கு என்னெண்டு சொல்லுறது? அவன்ர படமெல்லாம் நிண்டுபோச்சு எண்டோ?"

ஐயாத்துரைக்குத் தன் நாக்கைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

"ஒருத்தரும் மறிக்கமாட்டினம். நீ போய் அம்மாவுக்குத் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வா" என்று அவனை அனுப்பிவிட்டு, வாங்கில் அழகம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். அவனை ஏசியதற்கு ஈடாகத் தன் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது அவருக்கு.

"அம்மா, நான்தான் இந்தத் தியேட்டர்க்காரன். உங்கட மகன் இந்தப் படத்திலயும் நல்லாச் செய்திருக்கிறார். சனம் விழுந்து விழுந்து சிரிக்குது."

அழகம்மா தலையைச் சரித்தாள்.

"வீரகத்தி பக்கத்துல இருக்குதுங்களா?"

"இல்லை. தேத்தண்ணி வாங்கப் போயிட்டான்."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எம் மவன் ஒருநாளும் 'ஓம்'னு சொன்னதில்லீங்க. 'ஆமா'ன்னுதான் சொல்லுவான். இந்தப் புள்ள எம்புட்டு நல்லாப் பேசுனாலும், அவசரத்துல 'ஓம்'னு வந்துருது. எம் மவன் இல்லைன்னு மொதப் படத்துலயே எனக்கு வெளங்கிருச்சு."

ஐயாத்துரை அவள் பக்கம் குனிந்தார்.

"அப்ப... ஏனம்மா சிரிக்கிறீங்கள்?"

உள்ளே மணி அடித்தது. வீரகத்தியின் செருப்புச் சத்தம் கிட்ட வந்தது. அழகம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, பழைய சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, அவசரமாகச் சொன்னாள்.

"அழுவுறதுக்கு வீடு இருக்குங்க. இங்க நான் சிரிக்கலைன்னா, இந்தப் புள்ளையும் போய்ச் சேர்ந்துரும்."