பொம்மைக்கு மூச்சு

உத்திரமேரூர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். ஆய்வுக்கு வந்த அதிகாரி, பிரசவ அறை மேசைமேல் ரப்பர் குழந்தையைக் கிடத்துகிறார். "இப்பதான் பொறந்திருக்கு, மூச்சில்ல. காப்பாத்தும்மா." புது நர்ஸ் இளமதி மாஸ்க்கைப் பொருத்திக் காற்றுப்பையை அழுத்துகிறாள். ஓரத்தில் புஸ்ஸென்று கசிகிறது, மார்பு எழவில்லை. தவறினால் நிலையத்துக்குத் தரச்சான்று கிடையாது. பயிற்சி கொடுத்த ஷாரோன் சுவரோரம் நிற்கிறாள்; குறுக்கே பேசக்கூடாது. 'தாடையத் தூக்குடி' என்பது நாக்கு நுனியில் தவிக்கிறது. ஜன்னல் வெயிலில் இளமதியின் மேலுதட்டு வியர்வை மினுங்குகிறது. தானாகவே பொம்மையின் தாடையை நிமிர்த்துகிறாள். ரப்பர் மார்பு எழும்பித் தாழ்கிறது. "சரிம்மா, போதும்," என்கிறார் அதிகாரி. இளமதியின் கை நிற்கவில்லை. ஷாரோன் ஓடிப்போய்த் தோளைத் தொடுகிறாள். "பாஸாயிட்டடி. இன்னும் ஏன் அமுக்கிக்கினு கீற?" இளமதி நிமிரவில்லை. "கொயந்த இன்னும் அழலியேக்கா."