செல்லாத சாவு

"அந்தப் பக்கம் செத்தவங்கள இந்தப் பக்கம் இழுத்துப் போட்டா எழுந்து உக்காந்துருவாங்க சார். ஒண்ணு ரெண்டு பேர் இல்ல, ஒரு ஊரையே எழுப்பியிருக்கேன்" என்றார் பெரிய சிஸ்டர், ஊசி மருந்துக் குப்பியைச் சுண்டிக்கொண்டே.

நர்சிங் கவுன்சில் அதிகாரி சிரித்த சிரிப்பில், வார்டில் தொங்கிய குளுக்கோஸ் பாட்டில்கள் எல்லாம் ஊஞ்சலாடின.

அந்த மருத்துவமனை இரண்டு மாநிலங்களின் எல்லைமேல் குறுக்கே படுத்துக் கிடந்தது. வார்டின் நடுவே தரையில் ஒரு மஞ்சள் கோடு. இந்தப் பக்கத்து உரிமம் வைத்திருக்கும் நர்ஸ் அந்தப் பக்கத்து நோயாளிக்குத் தெர்மாமீட்டர்கூட வைக்கக் கூடாது. வைத்தால் உரிமம் போச்சு.

அதனால் அங்கே எல்லாக் கட்டிலுக்கும் சக்கரம். அந்தப் பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் யாராவது முனகினால், பெரிய சிஸ்டர் கோட்டில் கால் விரலை ஊன்றிக்கொண்டு கட்டிலை இழுப்பார். ஊசி போடுவார். திரும்பத் தள்ளிவிடுவார். இழுத்து இழுத்தே அவர் கை முழங்காலைத் தொட ஆரம்பித்துவிட்டது.

இனி இந்தக் கூத்தே வேண்டாம், ஒரே உரிமம் இரண்டு மாநிலத்திலும் செல்லும் என்று கையெழுத்துப் போடத்தான் அதிகாரி வந்திருந்தார். பெரிய சிஸ்டர் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியிருக்க வேண்டும். அந்த அம்மாவோ வேண்டவே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"என் படிப்பே அந்தப் பக்கம் செல்லாதுங்கறீங்க. அப்போ அந்தப் பக்கத்துச் சாவு மட்டும் இங்க எப்படி சார் செல்லும்? நீங்க எனக்கு வழி திறந்தா, அதுக்கும் சேர்த்துல்ல திறக்கும்?"

அதிகாரிக்கு வந்ததிலிருந்தே எரிச்சல். பெருக்குகிற அம்மாள் கோடு வரை பெருக்கிவிட்டு, எதிரே சுவர் எழும்பியதுபோல் நின்றுவிடுகிறாள். வாட்ச்மேன் அந்தப் பக்கத்துச் சாவியை நடந்துபோய்க் கொடுக்காமல் வீசி எறிகிறார். சமையற்காரர் சாப்பாட்டு வண்டியைக் கோட்டருகே நிறுத்தி ஒரு தள்ளு தள்ளுகிறார். அது தானாகப் போய்ச் சேர வேண்டும். இப்படி ஒரு சோம்பேறிக் கூட்டத்தை அவர் தன் சர்வீசில் கண்டதில்லை.

"சிஸ்டர், இது வெறும் பெயிண்ட்டும்மா."

சொல்லிக்கொண்டே கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நாலு எட்டு போனவர், சின்னப் பிள்ளைபோல் ஒரு குதி குதித்துக் காட்டினார்.

குதித்தவர் இறங்கினார். இறங்கியவர் நிமிரவில்லை.

நெஞ்சுக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழிந்தார்கள். விளக்கு வெள்ளையாக விரிந்தது. பிறகு வெள்ளையும் இல்லை.

கண் விழித்தபோது இந்தப் பக்கத்துத் தரையில் கிடந்தார். அவர் சட்டைக் காலரில் டிரிப்ஸ் ஸ்டாண்டின் கொக்கி மாட்டியிருந்தது. பெரிய சிஸ்டர் வயிற்றைத் தரையில் பதித்துப் படுத்தபடி, கால் விரலை மட்டும் கோட்டுக்கு உள்ளே வைத்துக்கொண்டு, தூண்டிலில் மீன் இழுப்பதுபோல் அவரை இழுத்திருக்கிறார். இப்போது தூசியைத் தட்டிக்கொண்டு கொக்கியைக் கழற்றினார்.

கோட்டுக்கு அப்பால் அதிகாரியின் மூக்குக்கண்ணாடி கவிழ்ந்து கிடந்தது. அதன் அருகில் அந்தப் பக்கத்து டாக்டர். கையில் விரித்த வெள்ளைத் துணி. யார்மேல் போர்த்த எடுத்தோம் என்பதே மறந்தவர்போல் நின்றார்.

"மயக்கம்" என்றார் அதிகாரி. "காலையில சாப்பிடல."

பெரிய சிஸ்டர் வாதாடவில்லை.

"உங்க நாடிய நீங்களே பிடிச்சுக்கிட்டு கைய அந்தப் பக்கம் நீட்டுங்க சார். அங்க வச்சு நான் தொட்டா என் உரிமம் போயிடும்."

இந்தக் கிறுக்குக்கும் ஒரு முடிவு கட்டலாம் என்று அதிகாரி மணிக்கட்டைப் பிடித்தார். துடித்தது. இரண்டு கைகளையும் சேர்த்துக் கோட்டைத் தாண்டி நீட்டினார்.

நின்றது.

இழுத்தார். துடித்தது.

மறுபடி நீட்டினார். நகங்கள் நீலமாகிக்கொண்டு வந்தன.

சட்டென்று கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். இந்தப் பக்கத்துச் சுவரோரப் பெஞ்சில் பெருக்குகிற அம்மாள், வாட்ச்மேன், சமையற்காரர் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் நகர்ந்து உட்கார்ந்து, நடுவில் ஓர் ஆளுக்கு இடம் விட்டார்கள்.

அந்தப் பக்கத்து வாசல் வழியாக அதிகாரியின் மனைவி வந்தாள். கார் அங்கேதான் நின்றது. வீடும் அந்தப் பக்கம்தான்.

"ஏங்க, ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு நேரமா? கண்ணாடிய வேற இங்க போட்டுட்டு... கீழ உக்காந்து என்ன பண்றீங்க? வாங்க, வீட்டுக்குப் போலாம்."

குனிந்து கண்ணாடியை எடுத்து நீட்டினாள். அவள் விரல்கள் கோட்டைத் தாண்டி வந்தன. அவர் விரல்கள் தாண்டாமல் காத்திருந்து வாங்கிக்கொண்டன.

"கையெழுத்து போடலம்மா" என்றார். "கோடு அங்கங்க தேஞ்சு கிடக்கு. போற வழியில ஒரு டப்பா மஞ்சள் பெயிண்ட் வாங்கிக் குடுத்தனுப்பு."

"நான் போற வழியிலயா? அப்போ நீங்க?"

அதிகாரி எழுந்து போய்ப் பெஞ்சில் விட்டிருந்த இடத்தில் உட்கார்ந்தார். பெரிய சிஸ்டரின் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார்:

"நடந்தது, சிஸ்டர். எனக்கே நடந்தது."