மாஸ்டர் மிதித்த பிரேக்

“உன் தலையெழுத்துல ஸ்டியரிங் இல்லம்மா. இருந்திருந்தா இந்நேரம் கை தானா திரும்பியிருக்கும்” என்றார் மாஸ்டர், டிரைவிங் டெஸ்ட் நடக்கும் மைதானத்தின் ஓரத்தில் வண்டி நின்றதும்.

அவர் ‘அம்மா’ போட்டுப் பேசியது தன் சொந்த மனைவியிடம். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்த மகானுபாவர் அவர். காசு கொடுத்துக் கற்றுக்கொள்ள வருபவர்களுக்குப் புது வண்டி. மனைவிக்கு மட்டும், கொட்டகையில் தூசி படிந்து கிடந்த பழைய வண்டியை மெக்கானிக்கிடம் கொடுத்துத் தட்டியெழுப்பினார். வீட்டுக்காரிக்கு அது போதாதா என்ன?

பழசானாலும் அது பயிற்சி வண்டிதான். மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. ஓட்டுபவர் தடுமாறினால் அவர் அதை மிதிப்பார், வண்டி நிற்கும்.

மாஸ்டருக்கு விதியின் மேல் அசைக்க முடியாத நம்பிக்கை. அவனன்றி ஓர் அணுவும் அசையாது என்பார். குளியலறைக் குழாய் மாதக்கணக்கில் ஒழுகியபோது, ஒழுக வேண்டும் என்று இருக்கிறது என்றார். மனைவி ஆள் கூப்பிட்டுச் சரிசெய்தாள். நிற்க வேண்டும் என்று இருந்தது, நின்றுவிட்டது என்றார். குழம்பில் உப்புக் குறைந்தால் மட்டும் விதிக்கு அன்று விடுமுறை. பழி நேராக மனைவி தலையில் விடியும்.

அவள் நர்ஸ். ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி பார்த்துப் பார்த்து இடுப்பு விட்டுப்போனவள். வீடு வீடாகப் போய் நடமாட முடியாதவர்களைக் கவனிக்கும் வேலை ஒன்று இப்போது அவளைத் தேடி வந்திருந்தது. பகல் வேலை, கௌரவமான வேலை. ஒரே நிபந்தனை, அவளே வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டும். இந்த வாரத்துக்குள் லைசென்ஸ் இல்லையென்றால் வேறு ஆளை எடுத்துக்கொள்வோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

பயிற்சி தொடங்கியது. முதல் நாளே குறுக்கே ஒரு நாய் ஓடியது. மாஸ்டர் பிரேக்கை ஓங்கி மிதித்தார். வண்டி நின்றது, நாய் பிழைத்தது. “நான் இல்லேன்னா இன்னிக்கு ஒரு உயிர் போயிருக்கும்” என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் குடை பிடித்த ஒரு பாட்டி, அதற்கடுத்து பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்த லாரி. ஒவ்வொரு தடவையும் மாஸ்டர் மிதித்தார், வண்டி நின்றது, அவர் நெற்றியைத் துடைத்தார். அன்று சாயங்காலம் யார் வீட்டுக்கு வந்தாலும், மாஸ்டரின் கால் அன்று யாரையெல்லாம் காப்பாற்றியது என்ற கதையைக் கேட்காமல் போக முடியாது. மனைவி மறுபேச்சுப் பேசாமல் காபியைக் கொண்டுவந்து வைப்பாள்.

ஒரே ஒரு நாள்தான் வாயைத் திறந்தாள்.

“எல்லாம் எழுதி வச்சபடிதான் நடக்கும்னா, நீங்க ஏங்க மாஞ்சு மாஞ்சு பிரேக்கை மிதிக்கிறீங்க?”

“நான் மிதிக்கணும்னும் எழுதியிருக்கே” என்றார் மாஸ்டர். இந்த மாதிரி ஆளிடம் எந்தக் கேள்வி கேட்டு ஜெயிப்பது?

இப்போது டெஸ்ட். கற்றுக்கொடுத்தவர் தயார் என்று சொன்னால்தான் ஓட்ட விடுவார்கள். மாஸ்டர் சொல்வதாக இல்லை. வேலை போனால் போகட்டும், அது உனக்கென்று எழுதியிருந்தால் வீட்டுக் கதவைத் தட்டும் என்றார். தட்டியதால்தானே இங்கே வந்து நிற்கிறேன் என்று அவள் கேட்டாள். அவருக்கு அது காதில் விழவில்லை. விழக்கூடாது என்று இருந்ததோ என்னவோ.

டெஸ்ட் எடுக்கும் அதிகாரி வந்தார். மாஸ்டர் இறங்கிப்போய் அவரிடம் எல்லாவற்றையும் புட்டுப்புட்டு வைத்தார். நாய், பாட்டி, லாரி எதையும் விடவில்லை.

“ஒரு தடவைகூட இவளா நிறுத்தினதில்ல சார். என் கால்தான் நிறுத்திச்சு. பெண்டாட்டியாச்சேன்னு பார்த்தா நாலு பேர் உயிர் போயிடும். மனசாட்சின்னு ஒண்ணு இருக்கில்ல.”

அதிகாரி இரண்டு பக்கமும் கேட்கிறவர். அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு ரவுண்டு ஓட்டித்தான் காட்டட்டுமே, பக்கத்தில் நான் இருக்கிறேன் என்று சொல்லி, மாஸ்டரின் இடத்தில் ஏறி உட்கார்ந்தார். கிளம்புவதற்கு முன் அந்தப் பிரேக்கை ஒரு தரம் மிதித்துப் பார்த்தார். மறுபடியும் மிதித்தார். குனிந்து கீழே எட்டிப் பார்த்தார்.

“மாஸ்டர், இங்க வாங்க. இதுல ஸ்பிரிங் மட்டும்தான் இருக்கு. பிரேக்கோட சேர்க்கிற கம்பியே இல்ல. நீங்க இத்தனை நாளா காத்தைத்தான் மிதிச்சிருக்கீங்க.”

மாஸ்டரும் குனிந்து பார்த்தார். நாயையும் பாட்டியையும் காப்பாற்றிய கம்பி அங்கே இல்லை.

“அப்ப இவ்வளவு நாள் வண்டியை நிறுத்தினது இந்த அம்மாதான். இந்த வண்டி ஆகாது. போய் உங்க புது வண்டியைக் கொண்டாங்க, இப்பவே டெஸ்ட் வச்சிடலாம்” என்றார் அதிகாரி.

மாஸ்டர் நகரவில்லை. அந்தக் கம்பி எப்போது போனதோ என்று முனகினார்.

“வண்டியை ரிப்பேர் பண்ணிக் கொண்டுவந்து விட்டப்பவே போச்சுங்க. துருப்பிடிச்சிருந்துச்சு, கழட்டிட்டேன், சார்கிட்ட சொல்லிடுங்கன்னு மெக்கானிக் சொன்னார். நான்தான் சொல்லல” என்றாள் மனைவி, சீட் பெல்ட்டை நிதானமாகக் கழற்றிக்கொண்டே.

“சொல்லியிருந்தா, விதி மேல இவ்வளவு நம்பிக்கை வச்சிருக்கிற நீங்க ஒரு நாளாவது என் பக்கத்துல உட்கார்ந்திருப்பீங்களா?”