அப்பா இருக்கும் பக்கம்

பாதி வழியில் இயந்திரம் நின்றது. கப்பல் தலைகீழாகத் திரும்பும் அந்தச் சிறு நேரம் எல்லோரும் மிதந்தார்கள். தமயந்தியின் அப்பா சனியின் நிலாவில் சாகக் கிடந்தார்.

"திருப்பாம இதே வேகத்துல போகக்கூடாதா, இன்னாசி அண்ணே? அப்பா தாங்க மாட்டாரு."

"இப்பவே குறைச்சாத்தாம்மா அங்க நிக்க முடியும். இல்லன்னா அப்பாவத் தாண்டிப் போயிருவோம்" என்றார் மாலுமி.

இயந்திரம் மறுபடி முனகியது. பாதங்கள் தரையில் படிந்தன. இனி அடிப்புறத்தை முன்னே நீட்டியபடிதான் கப்பல் போகும். இதுவரை தலைக்கு மேலே இருந்த அப்பா இப்போது காலுக்குக் கீழே இருந்தார்.

"அப்பா பக்கம் கால நீட்டிக்கிட்டு நிக்கிறேனே!"

"எங்க ஆத்தாவப் பாக்கப் போறப்ப, அவ பக்கம் கால் நீட்டக் கூடாதுன்னு நான் கட்டில விட்டே எறங்கல. அந்தக் கட்டிலும் இதே தரையிலதான் கால் ஊனி நின்னுச்சு" என்றார் இன்னாசி.

தமயந்தி லேசாகச் சிரித்தாள். பிறகு மெல்ல மண்டியிட்டு, குப்புற விழுந்து, நெற்றியைத் தரையில் பதித்தாள். இத்தனை தூரத்திலும் அது அவருக்கு நேராக இருந்தது.

"வந்துக்கிட்டே இருக்கேம்ப்பா" என்றாள் தரையிடம்.

இன்னாசி செருப்பைக் கழற்றிவிட்டு விலகி நின்றார்.