நாலு மணிச் சண்டை

நான்காவது நாளும் சரியாக நாலு மணிக்கு அடிதடி ஆரம்பித்தது.

சசிகுமார் ஓடிவந்த வேகத்தில் ஜியாவுதீனின் தோளில் ஒரு தள்ளு. ஜியா புல்லில் போய் விழுந்தான். விழுந்தவன் சும்மா இருப்பானா? எழுந்து சசியின் சட்டையைப் பிடித்தான். ஒரே குழுவில் ஆடுகிறவர்கள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

கோச் அர்ஜுனன் விசிலை ஊதினார்.

"ரெண்டு பேரும் வெளிய. மரத்தடியில போய் உக்காருங்க. பயிற்சி முடியிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

முகாமில் அதுதான் தண்டனை. யார் முதலில் கை வைத்தது என்ற விசாரணையெல்லாம் கிடையாது. சண்டை என்றால் இருவரும் வெளியே.

பெருநாள் விடுமுறை முடிந்த கையோடு, கெர்லிங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துத் திடலில் இந்தக் காற்பந்து முகாமை அர்ஜுனன் தொடங்கியிருந்தார். முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியும் விட்டார்.

"போன வருஷம் ஒருத்தன் வெறும் வயித்தோட ஓடி மயங்கி விழுந்தான். நான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். இந்தத் தடவ சாப்பிடாம, தண்ணி குடிக்காம எவனாச்சும் திடல்ல இறங்கினா, பேர வெட்டிருவேன்."

நான்காம் நாள் பயிற்சி முடிந்ததும் சமையல்காரம்மா விமலா அவரிடம் வந்தாள்.

"கோச், நான் கோள் சொல்றேன்னு நெனைக்காதீங்க. அந்தச் சசி சரியில்ல. காலையில பசியாற வந்தாலும் சரி, மத்தியானச் சோறுன்னாலும் சரி, ஜியா தட்ட இவன்தான் பறிச்சிக்கிட்டுப் போறான். அந்தப் புள்ள வாயே தொறக்க மாட்டேங்குது."

தட்டு விஷயம் அவருக்குப் புதிது. தண்ணீர் விஷயத்தை அவரே பார்த்திருந்தார். இடைவேளையில் ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தால், சசி தன்னுடையதைக் குடித்துவிட்டு ஜியாவின் கையில் இருப்பதையும் பிடுங்கி மடமடவென்று தீர்த்துவிடுவான். வெயிலில் காய்கிறவன் கையிலிருந்து தண்ணீரைப் பிடுங்குகிறவனை என்னவென்று சொல்வது?

ஜியாவைத் தனியே கூப்பிட்டார்.

"பயப்படாம சொல்லு. சசி ஒன்ன மெரட்டுறானா?"

"இல்ல கோச். சும்மா வெளையாட்டுக்குத்தான்."

"நாலு நாளா ஒரே நேரத்துல வெளையாட்டா?"

ஜியா தலையைக் குனிந்துகொண்டான். உதடெல்லாம் வறண்டு வெடித்திருந்தது. பையன் நன்றாகப் பயந்துபோயிருக்கிறான் என்று அர்ஜுனன் முடிவு கட்டினார்.

இரவு எட்டு மணிக்குள் பதினெட்டுப் பேர் பட்டியல் லீக் அலுவலகத்துக்குப் போகவேண்டும். சசியைப் போல ஒரு தற்காப்பு ஆட்டக்காரன் கிடைக்கமாட்டான். புக்கிட் பெருந்துங் தொழிற்சாலையில் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். இந்த லீக்கில் ஆடினால் பெரிய கிளப்காரர்கள் கண்ணில் படலாம். விட்டால் அந்த வயது திரும்ப வராது. எல்லாம் அர்ஜுனனுக்குத் தெரியும். தெரிந்தேதான் சசியின் பெயரை அடித்தார்.

முகத்துக்கு நேராகவே சொல்லிவிடலாம் என்று தாளைக் கையில் எடுத்துக்கொண்டு தோட்டத்து மண்டபத்தின் பின்பக்கம் நடந்தார். அடுத்த மலாய்க் கம்பத்துத் தொழுகைக்கூடமான சூராவிலிருந்து அந்தி நேர மக்ரிப் பாங்கு கேட்டது.

சுவர் மூலையில் நின்றுவிட்டார்.

சாக்கடை ஓரத் திண்டில் சசியும் ஜியாவும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சசி பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்தான். மத்தியானம் பறித்துக்கொண்டு போன சோறும் மீன் குழம்பும் அப்படியே இருந்தன.

"மொதல்ல தண்ணி குடி லா. மெதுவா."

ஜியா ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான்.

"நாலு முடிஞ்சிருச்சு மச்சான். இன்னும் ரெண்டு நோன்புதான். வாப்பா மௌத்தானதுலேருந்து பெருநாளுக்கு அப்புறம் வர்ற இந்த ஆறு நோன்ப உம்மாவும் நானும் சேர்ந்துதான் வெக்கிறோம். அங்க அவங்க தனியா வெக்கிறப்ப நான் இங்க எப்படித் திங்கிறது?"

"தெரியும் லா. அதுக்குத்தானே நாலு மணிக்கு ஒன்னத் தள்ளி விடுறேன். அதுக்கு மேல ஓடினா நீ விழுந்துருவ. மரத்தடிதான் ஒனக்கு நல்லது."

"நாளைக்கு நான் மொதல்ல தள்றேன். கோச் ஒன்ன ஒரு மாதிரி பாக்குறாரு. ஒம் பேர வெட்டிருவாரு."

"வெட்டினா வெட்டட்டும். நீ சாப்பிடு."

பெருநாளுக்குப் பிறகு முகாம் வைத்தால் நோன்புப் பிரச்சினையே வராது என்று நம்பியவர் அர்ஜுனன். இத்தனை வருஷம் முஸ்லிம் பிள்ளைகளோடு பழகியும் இந்த ஆறு நோன்பு ஞாபகத்துக்கு வரவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. ஊரறியப் போட்ட சட்டத்தை ஊரறிய மாற்றவும் மனம் வரவில்லை. சத்தமில்லாமல் திரும்பிப்போய், அடித்த பெயரை மறுபடி எழுதினார்.

மறுநாள் மூணே முக்காலுக்கே விசில் அடித்தது.

"சசி, ஜியா. சண்டை போட்டதுக்கு ரெண்டு பேரும் மரத்தடிக்குப் போங்க."

சசி திருதிருவென்று விழித்தான்.

"கோச், நாங்க இன்னும் சண்டையே போடலையே."

"வெயில் ஜாஸ்தியா இருக்குல்ல, இன்னிக்கு முன்னாடியே போட்டுட்டீங்க" என்றார் அர்ஜுனன், அவர்கள் முகத்தைப் பார்க்காமல். "நாளைக்கும் இதே நேரத்துக்குப் போடுவீங்க."